மாண்டவியிலிருந்து ஓகா வரை: வாடைக் காற்றில் ஒரு பாய்மரப் பிரயாணம்

குஜராத்தில் குடியேறி வாழும் நம் தமிழன்பர்களுள் ஓகா என்னும் ஊரின் பெயரை அறியாதவர் இரார். இராமேசுவரத்திலிருந்து வரும் வாராந்திர விரைவு வண்டியின் பெயர்ப்பலகையில் மறு கோடியாக எழுதப்பட்டிருக்கும் ஊர் அது. தூத்துக்குடியிலிருந்து வரும் விவேக் விரைவு வண்டியும் அங்கேதான் சென்று நிற்கிறது. அகமதாபாத்திலோ ராஜ்கோட்டிலோ மூட்டை முடிச்சுகளோடு இறங்கிவிடும் நம்மவர்க்கு, அவ்வண்டி அதற்கப்பால் எங்கே போகிறது என்று பார்க்க அவகாசம் கிடைப்பதில்லை. தண்டவாளம் முடிந்து கடல் தொடங்கும் இடம் அது. துவாரகைக்கு யாத்திரை சென்றோர் சிலர் அங்கும் சென்று, பேட் துவாரகையைத் தரிசித்துத் திரும்பியிருப்பர். ஆயினும் ஓகாவுக்குக் கடல் வழியாக, அதுவும் பாய் விரித்த மரப்படகொன்றில் சென்று இறங்கியவர் நம்முள் மிகச் சிலராகவே இருத்தல் வேண்டும். 2024-ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் நான்காம் நாள் அவ்வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று.

தேசப்படத்தில் குஜராத்தின் மேற்குப் பகுதி வாய் திறந்த முதலையைப் போலத் தோன்றும். மேல்தாடை கச்சு நாடு, கீழ்த்தாடை சௌராஷ்டிரம், இரண்டுக்கும் இடையே கிடக்கும் நீர்ப்பரப்பே கச்சு வளைகுடா. மேல்தாடையில் இருப்பது மாண்டவி. கீழ்த்தாடையின் நுனியில் இருப்பது ஓகா. நீர்வழியாக நேரே சென்றால் இவ்விரண்டுக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர்தான். தரைவழியாகச் செல்வதென்றாலோ, காந்திதாமைச் சுற்றிக்கொண்டு, சூரஜ்பாரிப் பாலத்தைத் தாண்டி, மாளியா, ஜாம்நகர் என்று வளைகுடா முழுவதையும் வலம் வந்தாக வேண்டும். அது 400 கிலோமீட்டருக்கும் மேல்; மதுரையிலிருந்து சென்னைக்குச் செல்லும் தொலைவு என்று வைத்துக்கொள்ளலாம். எதிர்க்கரை அவ்வளவு அருகில் இருந்தும் அதை அடைய இவ்வளவு தூரம் சுற்ற வேண்டியிருப்பது மாண்டவிக்காரர்க்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. அவர்களுடைய பாட்டனார்களுக்கு அது ஒரு காலைப் பொழுதின் வேலை.

மாண்டவிக்கு இருப்புப்பாதை இல்லை. புஜ்ஜில் இறங்கிச் சுமார் 60 கிலோமீட்டர் பேருந்தில் செல்ல வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் கச்சு மன்னர்கள் ஏற்படுத்திய துறைமுகப் பட்டினம் அது. ருக்மாவதி என்னும் சிற்றாறு கடலில் கலக்கும் இடத்தில், மஸ்கட்டுக்கும் சான்சிபாருக்கும் மலையாளக் கரைக்கும் கப்பல் விட்ட வணிகர்கள் மாளிகை கட்டி வாழ்ந்தார்கள். இந்நாட்டு மாலுமி ராம்சிங் மாலம் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாலந்து தேசம் வரை சென்று, கண்ணாடி வேலையும் கடிகார வேலையும் கற்றுத் திரும்பி, புஜ்ஜில் லக்பத்ஜி மன்னருக்காக ஆயினா மகால் என்னும் கண்ணாடி மாளிகையை அமைத்தார். 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று நேர்ந்த பூகம்பத்தில் சேதமுற்றும் அம்மாளிகை இன்னும் நிற்கிறது. மாலம் என்ற சொல்லைக் கவனியுங்கள். அராபியரின் ‘முஅல்லிம்’ என்னும் சொல் அங்கே மாலம் ஆயிற்று. நம் மொழியில் மாலுமி ஆயிற்று. சுக்கான் என்ற சொல்லும் அவர்கள் வாயிலும் நம் வாயிலும் ஒன்றுதான். கடலோடிகளுக்குள் மொழி வேற்றுமை அதிகமில்லை என்பதை நாம் அங்கே கண்டோம்.

ஆற்றின் இரு மருங்கிலும் இன்றும் மரக்கலங்கள் கட்டப்பட்டு வருகின்றன. ‘வஹாண்’ என்று அவற்றைச் சொல்கிறார்கள். மூன்று மாடி வீட்டளவு உயர்ந்து நிற்கும் அம்மரக்கூடுகளுக்கு வரைபடம் என்பது கிடையாது. மேஸ்திரியின் கண்ணே அளவுகோல். ஏராக்கட்டைக்கும் பலகைக்கும் மலேசியாவிலிருந்து வரும் சால் மரம். வங்குகள் எனப்படும் விலாக்கட்டைகளுக்குக் கச்சு நாட்டிலேயே விளையும் கருவேலம். கருவேலங்கிளை இயல்பாகவே வளைந்திருப்பதால், இன்ன வங்குக்கு இன்ன கிளை என்று தேடிப் பொறுக்குகிறார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் இறுக்கிக் கலப்பத்துப் பார்க்கும் ஓசை நாள் முழுவதும் கேட்கிறது. ஒரு கலம் கட்டி முடிய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகுமாம். முடிந்தபின் துபாய்க்கும் சோமாலியக் கரைக்கும் சரக்கேற்றிச் செல்லும். ஆனால் அவற்றுள் எதுவும் இன்று காற்றை நம்பிச் செல்வதில்லை. வயிற்றினுள் டீசல் எந்திரம் இருக்கிறது.

பாய்மரத்தை மட்டும் நம்பி வாழ்ந்த மச்சுவாக்கள் மாண்டவியில் எத்தனையோ இருந்தன. அவற்றுள் எஞ்சிய ஒன்றில்தான் நாம் சென்றோம். சரக்கு அலுவலகத்தில் நம்மோடு பணிபுரியும் கச்சி நண்பர் ஒருவர்க்கு மாமன் முறையாகும் முதியவர் அதன் உடைமையாளர், கார்வா குலத்தவர், எழுபது வயதைக் கடந்தவர். அவ்வூரில் படகுத் தலைவரைத் தண்டேல் என்று அழைப்பது வழக்கம். நாம் பிறந்த தூத்துக்குடிப் பக்கத்திலும் தோணித் தலைவரைத் தண்டல் என்றே சொல்வதால், அச்சொல்லைக் கேட்டவுடனே ஏதோ உறவினர் வீட்டில் நுழைந்தாற்போல் இருந்தது. நாம் அவரைக் காகா என்று அழைத்தோம்.

காகாவின் மூத்த மகன் முந்திரா துறைமுகத்தில் பெருவண்டி ஓட்டுகிறார். இளையவர் ஓமான் செல்லும் வஹாண் ஒன்றில் இருக்கிறார். இருவருக்கும் 35 அடி நீள மச்சுவாவினால் ஆகும் பயன் ஒன்றுமில்லை. காகாவின் முழங்கால்களோ கயிறேற மறுத்துவிட்டன. ஆகவே ஓகாவில் மீன் வியாபாரம் செய்யும் ஒருவர்க்குப் படகை விற்றுவிட்டார். வாங்கியவர் மரத்தையும் பருமலையும் கழற்றிவிட்டு உள்ளே எந்திரம் பொருத்தி, ஐஸ் கட்டியும் மீனும் ஏற்றப் போகிறாராம். “லாரியில் ஏற்றி அனுப்பட்டுமா?” என்று கேட்டாராம். “கடலில் பிறந்தது, கடலில்தான் வரும்” என்று காகா பதிலளித்துவிட்டார். இச்செய்தியை நண்பர் கூறியபோது, உடன் வர இயலுமா என்று நாம் கேட்டோம். துறைமுக அலுவலகத்தில் பெயரும் அடையாள அட்டையும் பதிவு செய்து அனுமதி பெற வேண்டியிருந்தது. அண்டை நாட்டுக் கடலெல்லை அதிகத் தொலைவில் இல்லாத பகுதியாதலின் இக்கட்டுப்பாடு இன்றியமையாதது. இரண்டு நாள் அலைந்தபின் கையொப்பம் கிடைத்தது.

நம் இல்லத்தில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. மார்கழிக் குளிரில் கடலுக்குப் போவானேன் என்பது இல்லாளின் கேள்வி. கச்சு நாட்டின் கடற்பருவம் ஆவணிப் பௌர்ணமியன்று, நாரியேலி பூர்ணிமா என்னும் விழாவில் கடலுக்குத் தேங்காய் இட்டவுடன் தொடங்கிவிடுகிறது. ஆனால் வடக்கேயிருந்து வரும் குளிர்காற்றின் பருவம் கார்த்திகை கழிந்த பிறகே நிலைக்கும். அதன் முதல் சில வாரங்களைக் கடலோடிகள் நம்புவதில்லை. காற்று அடித்தால் கடுமையாக அடிக்கும். நின்றால் முற்றிலும் நின்றுவிடும். மேற்கே உள்ள நளியா என்னும் ஊர் குஜராத்திலேயே மிகக் குளிர்ந்த ஊர் என்று நாளிதழ்களில் அடிக்கடி பெயர் வருவதைப் படித்திருப்பீர்கள். அந்தக் குளிர் அக்கடலின் மேலும் உண்டு.

புறப்படும் முன்னிரவு காகாவின் இல்லத்தில் தங்கினோம். கம்பு ரொட்டியும் வெல்லமும் பூண்டுச் சட்டினியும் உண்ட பின், அவருடைய மனைவியார் ஒரு பழங்கதையைச் சொன்னார். கதையன்று, நடந்த செய்திதான். 1888-ஆம் ஆண்டு நவம்பர் 8 அன்று ‘வைதர்ணா’ என்னும் நீராவிக் கப்பல் மாண்டவியிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டது. மின்விளக்குகள் எரிந்த கப்பலாதலின் மக்கள் அதை ‘வீஜளி’, அதாவது மின்னல், என்றே அழைத்தனர். ஹாஜி காசிம் என்பவர் தலைவர். துவாரகையில் மேலும் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டது. போர்பந்தரில் கடல் கொந்தளித்ததால் நில்லாமலே சென்றது. பிறகு அதை எவரும் காணவில்லை. எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடைந்த கப்பல்கூட இன்றுவரை கிடைக்கவில்லை. அதிற் சென்றவர்களுள் கல்யாணக் கோஷ்டியினரும், பம்பாயில் மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதச் சென்ற மாணவரும் இருந்தனர். தாமும் அதே பரீட்சையோடு படிப்பை முடித்தவர் என்ற முறையில், அம்மாணவர்களைப் பற்றிக் கேட்டபோது நமக்கு மனம் கனத்தது. புத்தகப் பையோடு கப்பலேறிய பிள்ளைகள்! அவ்வம்மையார் அக்கதையை நம்மை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மாண்டவியில் கடலுக்குப் போகிறவர்க்கு அது சொல்லப்பட வேண்டும், அவ்வளவே. சொல்லி முடித்துவிட்டு, தடித்த கம்பளி ஒன்றை எடுத்து நம் கையில் கொடுத்தார்.

கச்சு வளைகுடாவில் நீர் ஏறி இறங்கும் அளவு பெரிது. உட்பகுதியில் காண்ட்லா துறைமுகத்தில் பேரோதக் காலங்களில் 6 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. நம் தூத்துக்குடியில் ஒரு மீட்டரே அரிது. மாண்டவி ஆற்றுமுகத்தில் நீர் வற்றிவிட்டால் படகுகள் யாவும் சேற்றில் சாய்ந்து கிடக்கும். எனவே புறப்படும் நேரத்தைக் குறிப்பது கடிகாரம் அன்று, சந்திரன். பௌர்ணமி கழிந்து நான்காம் நாளாதலின், அதிகாலை மூன்றரை மணியளவில் நீர் முழுமையாக ஏறி நின்றது. அது இறங்கத் தொடங்கும்போது நாமும் அதனோடு இறங்கிவிட வேண்டும். இறங்கும் நீர் வளைகுடாவின் வாயை நோக்கி, அதாவது நாம் போக வேண்டிய திசையை ஒட்டி, ஆறு மணி நேரம் ஓடும். அதன்பின் எதிர்த்துத் திரும்பும். அந்த ஆறு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் கடந்துவிட வேண்டும் என்பது காகாவின் கணக்கு.

படகில் ஆறு பேர். காகா, அவருடைய பேரன், கலாசிகள் இருவர், நண்பர், நாம். கலாசி என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வந்தது. ரயில்வேயில் நெடுங்காலம் அப்பெயரில் ஒரு பதவி இருந்தது. ஏட்டில் இன்று அது உதவியாளர் என்று மாறிவிட்டாலும் பணிமனைகளில் பேச்சுவழக்கில் இன்னும் உயிரோடிருக்கிறது. கப்பலில் கயிறிழுத்தவனின் பெயர் கரையேறி இருப்புப்பாதைக்கு வந்திருக்கிறது. பேரனுக்கு வயது பத்தொன்பது. ரயில்வே தேர்வு வாரியத்தின் தேர்வுக்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்தான். நாம் எங்கே உத்தியோகம் பார்க்கிறோம் என்று அறிந்த கணமுதல் அவன் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. இருளில் நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கணிதப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டான்.

தேங்காய் உடைத்து நீரில் இட்டார் காகா. அணியத்தில் ஒரு குங்குமப் பொட்டு. பிறகு நீண்ட கழிகளால் கரையை உந்தி ஆற்றுமுகத்தைக் கடந்தோம். வெளியே வந்ததும் பாய் ஏற்றினார்கள். அதை எழுதுவது எளிது, செய்வது எளிதன்று. பருமல் என்னும் குறுக்குக்கழி படகின் நீளத்துக்குச் சமமானது. இரண்டு மூங்கில்களைச் சேர்த்துக் கட்டியது. பருத்திப் பாய் இரவுப் பனியில் நனைந்து இரட்டிப்புக் கனமாகிவிட்டது. ஆஞ்சான் கயிற்றை ஐவர் பற்றி, ஒருவர் குரல் கொடுக்க மற்றவர் எதிர்க்குரல் கொடுத்து இழுத்தோம். நம் கைகள் பேனா பிடித்த கைகள். அதனினும், குளிரில் விரல்கள் மடங்க மறுத்தன. கயிறு ஈரமாக, இரும்புக் கம்பி போல் விறைத்திருந்தது. பாய் மேலேறிக் காற்றைப் பிடித்ததும் படகு ஒருபுறம் மெல்லச் சாய்ந்தது. கீழே நீர் சளசளக்கும் ஓசை கேட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை.

வாடை பின்பக்கமாக, இடத்தோளை ஒட்டி அடித்தது. தரைமேல் தவழ்ந்து வரும் காற்றாதலின் அலை பெரிதில்லை. சந்திரன் உச்சிக்கு அருகே இருந்தது. மாண்டவிக் கலங்கரை விளக்கம் முறை வைத்து மின்னிக்கொண்டே பின்வாங்கிற்று. காகா சுக்கானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அமரத்தில் அமர்ந்திருந்தார். திசைகாட்டும் கருவி ஒன்று பெட்டிக்குள் இருந்தது. பேரனின் கைப்பேசியிலும் வழி தெரிந்தது. அவர் இரண்டையும் பார்க்கவில்லை. காற்று தம் எந்தக் காதில் படுகிறது என்பதைக் கொண்டே திசை அறிவதாகக் கூறினார். அதற்காகவே அக்குளிரிலும் தலைப்பாகையைக் காதுக்கு மேல் ஏற்றிக் கட்டியிருந்தார். நாம் கம்பளிக்குள் இரண்டு காதையும் மூடிக்கொண்டு அதைக் கேட்டோம்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. ரயிலில் இரவுப் பிரயாணம் செய்தோர் சன்னலோரக் குளிரை அறிவர். அது எழுந்து நடந்தால் போய்விடும். படகின் குளிர் அத்தகையதன்று. அது கீழேயிருந்து, பலகை வழியாக வருகிறது. உட்கார்ந்தால் முதுகெலும்பில் ஏறுகிறது. நின்றால் காற்று பிடுங்குகிறது. உப்புத் துளி பட்ட இடம் உலர்வதே இல்லை. ஐந்து மணிக்கு மணற்பெட்டியில் மூட்டிய அடுப்பில் தேநீர் கொதித்தது. இஞ்சி மிகுதியாகவும், சர்க்கரை அதனினும் மிகுதியாகவும் இட்ட அத்தேநீரைப் போல் ஒன்றை நாம் எந்த ரயில் நிலையத்திலும் குடித்ததில்லை. நம் இல்லாள் கட்டிக்கொடுத்திருந்த புளிச்சோற்றை அவிழ்த்தோம். ஆறிப்போன புளிச்சோறு காலைக் குளிரில் உண்ணத்தக்கதா என்று நாம் ஐயுற்றபோது, கலாசிகள் இருவரும் அதைப் பங்கிட்டு உண்டு, மிளகாய் போதவில்லை என்றனர்.

மேற்குக் கோடியில் சூரியன் சோம்பேறி. ஏழேகால் மணிக்கு மேல்தான் உதயம். கிழக்கே வளைகுடாவின் உட்புறம் முழுவதும் மூடுபனி படிந்து கிடந்தது. அதன்மேல் செம்மை பரவிற்று. மாண்டவிக் கரை மறைந்துவிட்டது. தென்கரை இன்னும் தோன்றவில்லை. நாற்புறமும் நீர். கடலில் பாதி வழி வந்திருந்தோம் என்று கைப்பேசி காட்டிற்று. காகாவும் அதையே முன்னமே சொல்லியிருந்தார்.

எட்டரை மணிக்குக் காற்று நின்றது. தளரவில்லை, நின்றது. பாய் ஒருமுறை சடசடத்து மரத்தின்மேல் ஒட்டிக்கொண்டது. நீரோ இன்னும் மேற்கு நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. பின் அதுவும் ஓயும். ஓய்ந்து எதிர்த்திசையில் திரும்பும். காற்று வராவிட்டால் நம்மை உட்கடலுக்குள் கொண்டுபோய்விடும். காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று காகா சுருட்டு ஒன்றைப் பற்றவைத்தார்.

காத்திருக்கத்தக்க இடம் அதுவன்று. கச்சு வளைகுடா இன்று இந்தியாவிலேயே கப்பல் நடமாட்டம் மிகுந்த நீர்வழிகளுள் ஒன்று. முந்திராவுக்கும் காண்ட்லாவுக்கும் சரக்குக் கப்பல்கள். தென்கரையில் வாடினார் அருகே, கரைக்கு வராமல் நடுக்கடல் மிதவைகளிலேயே கட்டி எண்ணெய் இறக்கும் பெருங்கலங்கள். இவை யாவும் நாம் குறுக்கே கடக்கும் வழியாகத்தான் உள்ளே செல்ல வேண்டும். ஒன்பது மணிக்கு மேற்கே பனிக்குள் ஒரு சாம்பல் நிறச் சுவர் தோன்றிற்று. அது சுவரன்று, எண்ணெய்க் கப்பலின் முகப்பு என்று தெரிய ஐந்து நிமிடம் ஆயிற்று. நம்மை நோக்கியே வந்தது.

அத்தகைய கப்பல் நினைத்த மாத்திரத்தில் நிற்க இயலாது. எந்திரத்தை நிறுத்தினாலும் கிலோமீட்டர் கணக்கில் ஓடிய பின்பே நிற்கும். சரக்கு வண்டியின் முன் தண்டவாளத்தில் நிற்கும் மாட்டின் நிலையை நாம் பலமுறை எழுத்தில் பதிவு செய்திருக்கிறோம். மாட்டின் பக்கமிருந்து அதைப் பார்த்தது அன்றுதான்.

படகின் பின்புறத்தில் சாக்குப்பையால் மூடிய சிறு எந்திரம் ஒன்று தொங்கிற்று. அவசரத்துக்கென்று மகன்கள் வாங்கி வைத்தது. பேரன் அதைப் பார்த்தான். பிறகு பாட்டனாரைப் பார்த்தான். அவர் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறுதிப் பிரயாணத்தில் அதன் துணையின்றிக் கரை சேர வேண்டும் என்பது அவருடைய எண்ணம் என்பதை நண்பர் நமக்கு முன்பே கூறியிருந்தார். எவரும் ஒன்றும் சொல்லவில்லை. கப்பலின் ஊதல் ஒருமுறை ஒலித்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் ஒலித்தாற்போல் இருந்தது. “போடு” என்றார் காகா. ஒரே சொல்.

குளிரில் எந்திரம் உடனே பிடிக்கவில்லை. கயிற்றை இழுத்தான், இருமிற்று. மறுபடி இழுத்தான்; மீண்டும் இருமிற்று. கலாசிகள் துடுப்புகளை எடுத்தனர். நமக்கு முந்திய இரவு கேட்ட மாணவர்களின் நினைவு வந்தது என்றால் நேயர்கள் வியக்கமாட்டார்கள். நான்காம் இழுப்பில் பிடித்தது. புகை கக்கிக்கொண்டு, ஓட்டைத் தகர டப்பாவைப் போல் ஒலித்தபடி, அது நம்மைத் தெற்கே இழுத்துச் சென்றது. இருபது நிமிடம். கப்பல் நமக்குப் பின்னே, ஊர்க்கோயில் கோபுரத்தைவிட உயர்ந்த சுவராய், ஓசையின்றிக் கடந்து சென்றது. அதன் மேலிருந்த மனிதர் ஒருவரும் கண்ணிற் படவில்லை. அது எழுப்பிய அலை வந்து நம் படகை இருமுறை தூக்கிப் போட்டது, அதனோடு சரி.

பாய்மரத்தின் பெருமையைப் பாட வந்த நாம் இவ்விடத்தில் எந்திரத்தை வாழ்த்துவது பொருந்துமோ என்று சிலர் கேட்கக்கூடும். பொருந்தும். அச்சிறு எந்திரம் இல்லையேல் இக்கட்டுரை இல்லை. பழையன யாவும் இனியன என்று எழுதுவோர் பெரும்பாலும் கரையிலிருந்து எழுதுகின்றனர். எந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, காகா பேரனின் தோளில் ஒருமுறை கைவைத்தார். அவன் கயிற்றால் சிவந்த உள்ளங்கையை நீரில் நனைத்துக்கொண்டு, மீண்டும் தேர்வைப் பற்றி நம்மிடம் கேட்கத் தொடங்கினான்.

“தேறினால் என்ன பதவி?” என்று காகா வினவினார். பணிமனை உதவியாளர் என்று நாம் சொல்லி, பழைய பெயரையும் சொன்னோம். அவர் உரக்கச் சிரித்தார். “கலாசியா! அதற்கு ஏன் பரீட்சை? என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே” என்றார். பேரன் சிரிக்கவில்லை. சற்றுப் பொறுத்து அவர் நம் பக்கம் திரும்பி, “மாதச் சம்பளம் உண்டு அல்லவா? மழைக்காலத்திலும்?” என்று கேட்டார். உண்டு என்றோம். “அப்படியானால் நல்லது” என்று சொல்லி மறுபடி பாயைப் பார்த்தார்.

பதினொன்றரை மணிக்கு வடமேற்கிலிருந்து பகற்காற்று எழுந்தது. அதற்குள் நீர் எதிர்த்துத் திரும்பியிருந்தமையால், காற்று முன்னே தள்ள, நீர் பக்கவாட்டில் இழுக்க, நண்டு நடப்பதைப் போல் சென்றோம். தென்கரை முதலில் ஒரு கோடாகத் தெரிந்தது. இக்கரை ஓரத்தில் பவளப்பாறைகள் நிறைந்திருப்பதால் 1982-இல் கடல் தேசியப் பூங்கா அமைத்திருக்கிறார்கள். நம் மன்னார் வளைகுடாவைப் போலவே இங்கும் ஆவுளியா என்னும் கடற்பசு உண்டு. ஆழமறியாதவர் அக்கரையை அணுகலாகாது. காகா தூரத்திலேயே நிறுத்தி, நீரின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து மேற்கே ஒதுங்கினார்.

பிறகு வானத்தில் இரண்டு வெண்கோபுரங்கள் தோன்றின. 2024 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட சுதர்சன சேது அது. ஓகாவையும் பேட் துவாரகைத் தீவையும் இணைக்கும் 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொங்குகம்பிப் பாலம். கடல்மேல் அது நிற்கும் அழகை மறுப்பதற்கில்லை. அதுவரை யாத்திரிகர் யாவரும் மரப்படகுகளிலேயே தீவுக்குச் சென்று வந்தனர். அப்படகுகளிற் பல, வண்ணக் கொடிகளோடு, ஆளின்றித் துறையில் வரிசையாகக் கட்டிக் கிடந்ததைக் கண்டோம். முதியோரும் நோயாளரும் இனி இரவிலும் எளிதாகக் கடக்கலாம் என்று நண்பர் கூறினார். அதுவும் உண்மையே. காகா அப்படகுகளை எண்ணிக்கொண்டு வந்தார். எத்தனை என்று சொல்லவில்லை.

மூன்று மணிக்கு ஓகா துறையை அணைந்தோம். புறப்பட்டுப் பதினொன்றரை மணி நேரம். அடையாள அட்டைகளைச் சரிபார்த்து, தாள்களில் முத்திரை இட்டு முடியவே ஒரு மணி நேரம் ஆயிற்று. வாங்கியவர் வந்து காத்திருந்தார். நல்ல மனிதராகவே தோன்றினார். படகைச் சுற்றி வந்து பலகையைத் தட்டிப் பார்த்து, பாக்கித் தொகையை எண்ணிக் கொடுத்தார். அவருடைய ஆட்கள் அப்போதே மரத்தின் ஆப்புகளைத் தளர்த்தத் தொடங்கினர். காகா அவர்களை விலக்கிவிட்டு, எங்கே தட்ட வேண்டும் என்று தாமே காட்டினார். மரம் சாய்ந்து கரையில் கிடந்தது. பருமல் மூங்கிலை யாரோ பந்தற்காலுக்கு ஆகும் என்று கேட்டு எடுத்துச் சென்றனர். எந்திரத்தைப் புதியவர்க்கே விட்டுவிட்டார்.

பாயை மட்டும் கொடுக்கவில்லை. விற்பனைப் பேச்சில் அதைச் சேர்க்கவில்லையாம். வாங்கியவருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. கலாசிகளும் பேரனும் நாமுமாக அதை மணலில் விரித்து, வெயிலில் அரைமணி காயவிட்டு, மடித்துக் கட்டினோம். மடித்தும் ஒரு மனிதன் உயரம் இருந்தது. அதை மாண்டவிக்குக் கொண்டு செல்ல வேண்டும். கொண்டு செல்லப் படகு இல்லை. ஆகவே கைவண்டியில் ஏற்றி ரயில் நிலையம் சென்றோம். ராஜ்கோட் வழியாகத் திரும்பும் வழியில் அதைப் பெட்டிக்குள் வைக்க இடமிராது என்பதால், லக்கேஜாகப் பதிவு செய்வதே முறை. நிறுத்துப் பார்த்ததில் 41 கிலோ. உப்பும் ஈரமும் அதில் பாதி இருக்கும் என்றார் காகா. பதிவுச் சீட்டில் பொருளின் விவரம் எழுத வேண்டிய கட்டத்துக்கு வந்ததும், அங்கிருந்த எழுத்தர் பேனாவை நிறுத்தி, என்ன எழுதுவது என்று நம்மைக் கேட்டார். அவர் பட்டியலில் பாய்க்கு இடமில்லை. பழைய துணி என்று எழுதலாமா என்றார்.

காகா அதற்குச் சம்மதிக்கவில்லை. பேரன் பேனாவை வாங்கி, மச்சுவாவின் பெயரையும் அதன்பின் பாய் என்ற சொல்லையும் குஜராத்தியில் எழுதினான். எழுத்தர் அதன்மேல் முத்திரை இட்டார். வண்டி புறப்பட இன்னும் நேரம் இருந்தமையால், காகா அம்மூட்டையின்மேல் அமர்ந்து, மீதமிருந்த புளிச்சோற்றை உண்டார்.